சிதறிய சுருள்களைச் சேர்த்தவர்: ஏ.கே. செட்டியாரின் ஆவணப்படப் பணி

காந்தியடிகளின் வாழ்க்கையை முதன்முதலில் முழுநீள ஆவணப்படமாக்கியவர் ஒரு தமிழர். செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார் எடுத்த ‘மகாத்மா காந்தி’ என்னும் அப்படம், 1940 ஆகஸ்டு 23 அன்று தமிழ் விளக்கவுரையுடன் வெளிவந்தது. ஏறத்தாழ 30 ஆண்டுக் காலத்தில் நூறு ஒளிப்பதிவாளர்கள் வரை வெவ்வேறு நாடுகளில் எடுத்து வைத்திருந்த காட்சிகளைத் தேடி, நான்கு கண்டங்களில் ஒரு லட்சம் மைல் சுற்றி, 50,000 அடிப் படச்சுருளைச் சேகரித்து, அதிலிருந்து 12,000 அடியைத் தேர்ந்து தொகுத்த படம் அது. அப்போது அவருக்கு வயது 30 நிறையவில்லை. எந்த அரசு நிறுவனமும் அவருக்குத் துணை நிற்கவில்லை.

தமிழ் வாசகர்கள் செட்டியாரைப் பெரும்பாலும் பயண எழுத்தாளராகவும் ‘குமரி மலர்’ ஆசிரியராகவுமே அறிவார்கள். படம் எடுத்தது அவர் வாழ்க்கையில் வந்துபோன ஒரு நிகழ்ச்சி போலவே பேசப்படுகிறது. அப்படிப் பார்ப்பது பொருந்தாது. படம், பயண நூல், இதழ் ஆகிய மூன்றிலும் அவர் செய்தது ஒரே வேலை. பிறர் பதிவு செய்து, பிறகு கவனிப்பாரற்றுக் கிடந்ததைத் தேடிப் பிடித்து, வரிசைப்படுத்தி, தம்மை முன்னிறுத்திக்கொள்ளாமல் வாசகர் முன் வைப்பதே அந்த வேலை. அந்தக் கோணத்தில் பார்த்தால்தான் அவருடைய வாழ்க்கைப் பணி முழுமையாகப் புலப்படும்.

செட்டியாரின் இளமை பத்திரிகையோடு தொடங்குகிறது. இருபது வயதை ஒட்டி அவர் பர்மாவுக்குச் சென்று, இரங்கூனிலிருந்து வந்த ‘தனவணிகன்’ இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். கீழைப் பர்மாவின் நெல் விளைச்சலுக்குப் பண உதவி செய்து வளர்ந்திருந்த நகரத்தார் சமூகத்துக்கு அங்கே கடைகளும் கோயில்களும் விடுதிகளும் இருந்தன. இதழ் நடத்தும் அளவுக்கு வாசகரும் இருந்தார்கள். சென்னைத் துறைமுகத்துக்கும் இரங்கூனுக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள் முறையாக ஓடிய காலம் அது. கூலி வேலைக்குப் போகிறவரும் கடைக்கணக்குப் பார்க்கப் போகிறவரும் ஒரே கப்பலில் போனார்கள். கடல் கடந்த தமிழ் உலகம் ஒன்று இருப்பதையும், அதன் செய்திகள் தாயகத்துக்கு ஒழுங்காக வந்து சேராததையும் செட்டியார் அங்கேதான் நேரில் கண்டிருக்க வேண்டும். பின்னாளில் மலேயா, தென்னாப்பிரிக்கா, கயானா என்று அவர் எங்கே போனாலும் அங்குள்ள தமிழர்களைத் தேடிப் பார்த்து எழுதியதற்கு வித்து இரங்கூனில் விழுந்தது என்று கொள்ள இடமுண்டு.

1930களின் நடுவில் அவர் ஜப்பானுக்குச் சென்று டோக்கியோவில் ஒளிப்படக் கலை பயின்றார். அங்கிருந்து அமெரிக்கா போய் நியூயார்க்கில் அப்பயிற்சியைத் தொடர்ந்தார். அன்றைய தமிழ்த் திரையுலகில் கேமராவைக் கையாண்டவர்களில் பலர் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஸ்டுடியோக்களில் வேலை பார்த்துத் தொழில் கற்றவர்கள். வெளிநாட்டுப் பள்ளிகளில் முறையாகப் படித்துவிட்டும் ஸ்டுடியோ பக்கம் போகாமல், கதைப்படமே எடுக்காமல் இருந்தவர் என்பது செட்டியாரின் தனித்தன்மை. தமிழில் பேசும்படம் வந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. புராணப் படங்களும் பாட்டுப் படங்களும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது அவருடைய நாட்டம் வேறு திசையில் இருந்தது.

1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அன்று காந்தியின் பிறந்த நாள். ஊர் திரும்பி 1938-இல் ‘டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்’ என்ற நிறுவனத்தை நிறுவினார். எண்ணம் தோன்றிய நாளுக்கும் படம் வெளியான நாளுக்கும் இடையே மூன்று ஆண்டுகூட இல்லை. அதற்குள் நிறுவனம் அமைத்து, பணம் திரட்டி, உலகைச் சுற்றி, படச்சுருள்களை வாங்கி, புதிதாகச் சில காட்சிகள் எடுத்து, தொகுத்து, விளக்கவுரை சேர்த்து முடித்திருக்கிறார். இடையில் 1939 செப்டம்பரில் உலகப் போரும் மூண்டது.

இந்தப் படத்துக்கு ஏன் இத்தனை அலைச்சல் வேண்டியிருந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். சினிமாவும் காந்தியின் பொதுவாழ்வும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தொடங்கியவை. லூமியேர் சகோதரர்களின் படம் பம்பாயில் முதலில் காட்டப்பட்டது 1896 ஜூலை 7 அன்று. அதே மாதம் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் வந்த காந்தி, அக்டோபர் 26 அன்று சென்னையில், துறைமுகத்துக்கு அருகிலுள்ள பச்சையப்பன் மண்டபத்தில், நேட்டால் இந்தியர்களின் துயரத்தைப் பற்றிப் பேசினார். முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து ரத்தத்தோடு காந்தியிடம் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியின் கதை அதற்கு முன்பே இங்கே பரவியிருந்தது. அதனால்தான் சென்னை மக்கள் தம்மை அவ்வளவு உற்சாகமாக வரவேற்றார்கள் என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

காந்தி அன்று யாருக்காகப் பேசினாரோ அவர்களில் பெரும்பாலோர் சென்னைக் கடற்கரையிலிருந்து போனவர்கள். நேட்டாலுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்டு, 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அப்போது சென்னையில் செயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நிற்கும். ஆட்கள் மசூலாப் படகில் ஏறி அலையைத் தாண்டிப் போய் அதில் ஏற வேண்டும். 1860-க்கும் 1911-க்கும் இடையே நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்களே. 1913-இல் காந்தியோடு நியூகாசில் சுரங்கங்களிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கி நடந்தவர்களிலும், சிறையில் நோயுற்று 1914-இல் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையின் தோழர்களிலும் அவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். காந்தியின் படத்தைத் தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் எடுத்தது தற்செயல் போலத் தோன்றலாம். சத்தியாக்கிரகத்தின் முதல் களத்தில் நின்ற தமிழர்களை நினைத்துப் பார்த்தால் அது இயல்பான காரியமே.

ஆனால் அந்தப் போராட்டக் காலம் கேமராவுக்கு அதிகம் அகப்படவில்லை. காந்தி இந்தியா திரும்பிய 1915-க்குப் பிறகும் நெடுநாள் நிலைமை மாறவில்லை. இந்தியாவில் செய்திப்படம் எடுக்க நிலையான அமைப்பு எதுவும் இல்லாத காலம் அது. பாத்தே, கோமான்ட், பாக்ஸ் மூவிடோன் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்களுக்குத் தேவைப்பட்டபோது ஆள் அனுப்பின. காந்தியின் பேச்சை ஒலியோடு பதிந்த முதல் படத்தை 1931-இல் குஜராத்தின் போர்சத்தில் எடுத்தது பாக்ஸ் மூவிடோன். அதே ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்காக அவர் இலண்டன் போனபோதும், லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளர்களிடையே நின்றபோதும் கேமராக்கள் அவரைச் சுற்றி மொய்த்தன. தண்டி யாத்திரையை இந்தியக் கம்பெனிகள் எடுத்தன. அவற்றுக்கு அரசு தடை போட்டது. இப்படி எடுத்தவர் ஒருவர், வைத்திருந்தவர் வேறொருவர், இருந்த ஊர் இன்னொன்று என்று காந்தியின் அசையும் படிமங்கள் உலகெங்கும் சிதறிக் கிடந்தன. அவை அனைத்தையும் ஓரிடத்தில் பார்த்தவர் எவரும் இல்லை.

காந்திக்கோ சினிமாவில் நாட்டமே இல்லை. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-இல் அமைந்த திரைப்பட விசாரணைக் குழு கருத்துக் கேட்டபோது, தாம் சினிமா பார்த்ததே இல்லை என்றும், அதனால் தீமையே விளைந்திருப்பது வெளிப்படை என்றும் பதில் அனுப்பியவர் அவர். ஒளிப்படத்துக்கு நின்று கொடுப்பதும் அவருக்குப் பிடிக்காது. அவருடைய உறவினர் கனு காந்திக்கே, பளிச்சிடும் விளக்கு கூடாது, நிற்கச் சொல்லக் கூடாது, ஆசிரமப் பணம் கேட்கக் கூடாது என்ற நிபந்தனைகளோடுதான் படம் எடுக்க அனுமதி கிடைத்தது. இத்தகைய ஒருவரைப் பற்றிப் படம் எடுக்க நினைப்பவர், அவரை உட்கார வைத்துப் படமாக்கலாம் என்று நம்பிப் பயனில்லை. ஏற்கெனவே எடுக்கப்பட்டதைத் தேடுவது ஒன்றே வழி. செட்டியார் அந்த வழியை எடுத்துக்கொண்டார்.

பழைய சுருள்களிலிருந்து வரலாற்றைத் தொகுப்பதற்கு உலகில் முன்னோடிகள் உண்டு. ரஷ்யாவில் எஸ்பிர் ஷூப் என்ற பெண்மணி, ஜார் குடும்பம் தங்கள் பார்வைக்காக எடுத்துக்கொண்ட படங்களையும் பழைய செய்திப்படங்களையும் அலசி, ‘ரொமானோவ் வம்சத்தின் வீழ்ச்சி’ என்ற படத்தை 1927-இல் உருவாக்கினார். அவருக்குப் புரட்சிக்குப் பிந்திய அரசின் கிடங்குகள் திறந்திருந்தன. செட்டியாருக்கு எந்தக் கிடங்கின் கதவும் தானாகத் திறக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியாகக் கடிதம் எழுதி, நேரில் போய், அவர்கள் காட்டும் சுருள்களைப் பார்த்து, தேவையான பகுதிக்கு அடிக் கணக்கில் விலை பேசி, நகல் எடுத்து வாங்க வேண்டியிருந்தது. காந்தியோடு வாழ்ந்தவர்களையும் பழகியவர்களையும் இடையிடையே தேடிச் சென்றார். தென்னாப்பிரிக்காவில் காந்தி வாழ்ந்து போராடிய இடங்களுக்கும் போனார்.

50,000 அடி என்பது எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். 35 மில்லிமீட்டர் ஒலிப்படச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அந்தக் கணக்கில் செட்டியார் சேர்த்தது ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடக்கூடியது. தொகுத்து வெளியிட்ட 12,000 அடி ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம். ஆயிரம் அடிக்கு ஒரு ரீல் என்று வைத்தால் சேர்த்தது மொத்தம் ஐம்பது டப்பாக்கள். அன்றைய சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைவது கடினம். வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைந்து பொடியாகும். இதைச் சுமந்து கப்பல் மாறிக் கப்பல் ஏறி, ஒவ்வொரு துறைமுகத்திலும் சுங்கத்துக்கு விளக்கம் சொல்லி, கடைசியில் சென்னையின் வெக்கையில் கொண்டுவந்து சேர்ப்பது தனியொரு மனிதர் எளிதில் தாங்கும் பாரமல்ல.

சுருள்கள் கைக்கு வந்த பிறகும் தொழில்நுட்பச் சிக்கல் காத்திருந்தது. மௌனப் பட காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றி எடுத்தார்கள். வினாடிக்குப் பதினாறு பிம்பமும் இருக்கும், இருபதும் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். அதை வினாடிக்கு 24 பிம்பம் ஓடும் பேசும்பட எந்திரத்தில் போட்டால் மனிதர்கள் துள்ளி ஓடுவார்கள். காந்தியே வேகமாக நடப்பவர். பழைய செய்திப்படங்களில் அவர் அநியாய வேகத்தில் பறப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒளியின் அளவும் சுருளின் தரமும் கேமராவுக்குக் கேமரா வேறுபடும். நூறு பேர் எடுத்ததை ஒரே படமாகக் கண்ணுக்குத் தோன்றும்படி இணைப்பதில் தொகுப்பாளரின் திறன் முழுவதும் செலவாகிவிடும். அதன் மேல் தமிழில் விளக்கவுரை. காட்சிக்குக் காட்சி தேதியும் இடமும் பிசகாமல் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு துண்டும் எங்கே எப்போது எடுக்கப்பட்டது என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். அந்த வகையில் அது படத் தொழிலாக மட்டும் இருக்கவில்லை. வரலாற்று ஆராய்ச்சியாகவும் இருந்தது.

படம் வெளிவந்த நேரம் எளிய நேரமல்ல. 1937 முதல் சென்னை மாகாணத்தில் ஆட்சி நடத்திய ராஜாஜி அமைச்சரவை, இந்தியாவைக் கேட்காமல் போரில் இழுத்துவிட்டதைக் கண்டித்து 1939 அக்டோபரில் பதவி விலகியிருந்தது. காங்கிரஸ் ஆட்சியில் தளர்ந்திருந்த திரைப்படத் தணிக்கை மறுபடி இறுகியது. 1939 மே மாதம் வெளியாகி ஓடிய கே. சுப்பிரமணியத்தின் ‘தியாகபூமி’ பிறகு தடை செய்யப்பட்டது. காந்திய உணர்ச்சி கொண்ட கதைப்படத்துக்கே அந்தக் கதி என்றால், காந்தியையே இரண்டு மணி நேரத்துக்கும் மேல் திரையில் காட்டும் படத்தின் நிலைமை என்னவாக இருக்கும் என்பது புரியும். தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்குவதற்கு இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவான நாட்களே இருந்தபோது படம் திரைக்கு வந்தது. தமிழுக்குப் பின் தெலுங்கு விளக்கவுரையுடனும் அது வெளியாயிற்று.

போர் முற்றியது. 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதலை அஞ்சிச் சென்னை நகரமே காலியானது. அடுத்த ஆண்டு அக்டோபரில் நகரின் மேல் ஒரு ஜப்பானிய விமானம் குண்டும் போட்டது. கச்சாப் படச்சுருள் வெளிநாட்டிலிருந்து வருவது குறைந்ததால் படங்களின் நீளத்துக்கே அரசு வரம்பு விதித்தது. ஆகஸ்டுப் போராட்டத்துக்குப் பின் காந்தி சிறையில் இருந்தார். இந்தச் சூழலில் ஆவணப்படக் கம்பெனி ஒன்றை மேலும் நடத்துவது இயலாத காரியம். சுதந்திரத்தையொட்டி இந்தி விளக்கவுரையுடன் படம் தில்லியில் காட்டப்பட்டது. 1953-இல், சான் பிரான்சிஸ்கோவிலிருந்த ஆசியக் கல்விக்கான அமெரிக்க அகாதமியின் முயற்சியில், அமெரிக்கப் பத்திரிகையாளர் குவென்டின் ரெனால்ட்ஸின் குரலில், சுருக்கிய ஆங்கில வடிவம் ஒன்று ‘மகாத்மா காந்தி: இருபதாம் நூற்றாண்டின் தீர்க்கதரிசி’ என்ற பொருள்படும் தலைப்பில் அமெரிக்காவில் வெளியாயிற்று.

செட்டியார் படம் எடுத்த காலத்தில் ஆவணப்படத்துக்கு இந்தியாவில் விருது என்பதே கிடையாது. தேசியத் திரைப்பட விருதுகள் 1954-இல்தான் தொடங்கின. முதல் ஆண்டிலேயே ஆவணப்படத்துக்குக் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் உண்டு. அதைப் பெற்றது ஜகத் முராரி இயக்கிய, மாமல்லபுரத்தைப் பற்றிய ‘மகாபலிபுரம்’. அதைத் தயாரித்தது 1948-இல் மத்திய அரசு அமைத்த பிலிம்ஸ் டிவிஷன். அப்போதிருந்து பல பத்தாண்டுகளுக்கு இந்தியாவில் ஆவணப்படம் என்றால் திரையரங்கில் படம் தொடங்குமுன் ஓடும் அரசுப் படம் என்றே மக்கள் அறிந்தார்கள். காந்தியைப் பற்றி விட்டல்பாய் ஜவேரி ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஓடும் பெரும் படத்தை 1968-இல் முடித்தபோது, காந்தி நினைவு நிதியும் பிலிம்ஸ் டிவிஷனும் அவருக்குத் துணை நின்றன. செட்டியார் பட்ட பாட்டின் அளவை இந்த ஒப்பீடு தெளிவாகக் காட்டுகிறது.

விருதும் பரிசும் கண்ட ஆவணப்படக்காரர்கள் தமிழ்நாட்டில் பிறகு வந்தார்கள். ‘தியாகபூமி’ சுப்பிரமணியத்தின் மகன் எஸ். கிருஷ்ணசாமி அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, எரிக் பார்னோவுடன் சேர்ந்து ‘இந்தியன் பிலிம்’ என்ற வரலாற்று நூலை 1963-இல் வெளியிட்டார். சென்னையில் சொந்த நிறுவனம் தொடங்கி, சிந்துவெளி முதல் இந்திரா காந்தி வரையிலான இந்திய வரலாற்றை நான்கு மணி நேரப் படமாக 1970-இல் தந்தார். 2009-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமில் எடுக்கப்பட்ட கார்த்திகி கோன்சால்வஸின் குறும்படம் 2023-இல் ஆஸ்கார் வென்றது. தெப்பக்காட்டைப் பற்றி அன்று உலகம் முழுவதும் பேசியது. செட்டியார் தம் தோளில் சுமந்த டப்பாக்களுக்கு அத்தகைய வரவேற்பு எதுவும் அமையவில்லை.

படப் பணி நின்ற இடத்தில் இதழ்ப் பணி தொடங்கியது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டுக்கு நடுவே, 1943-இல் ‘குமரி மலர்’ வெளிவரத் தொடங்கியது. 1983 செப்டம்பர் 10 அன்று செட்டியார் மறையும் வரை நாற்பதாண்டுக் காலம் அவர் அதை நடத்தினார். பழைய இதழ்களில் புதைந்து கிடந்த கட்டுரைகளை எடுத்து மறுபடி அச்சிடுவது ‘குமரி மலர்’ விடாது செய்த பணி. பாரதியின் எழுத்துகளும், பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்திகளும், மறந்துபோன பெரியோர்களின் நினைவுகளும் அப்படி வெளிச்சம் கண்டன. காந்தி படம் எடுத்த அனுபவத்தையும் அவர் அதில்தான் எழுதினார்.

பயண நூல்களிலும் இதே போக்குத்தான். 1940-இல் வந்த ‘உலகம் சுற்றும் தமிழன்’ அவருக்குப் பட்டப்பெயராகவே நிலைத்தது. ‘பிரயாண நினைவுகள்’, ‘மலேயா முதல் கனடா வரை’, ‘கரிபியன் கடலும் கயானாவும்’, ‘அமெரிக்க நாட்டிலே’, ‘குடகு’ என்று பிறகு பல வந்தன. சிறு சிறு வாக்கியங்கள். பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்லும் அடக்கம். தாம் பட்ட கஷ்டங்களைப் பெரிதாகப் பேசாத பண்பு. ஒரு நல்ல ஆவணப்படக்காரரின் கண்ணும் காதும் அந்த உரைநடையில் வேலை செய்கின்றன. தம் பயணங்களோடு நிற்காமல், தமிழ்நாட்டில் நூறாண்டுகளுக்கு முன் பயணம் செய்தவர்கள் எழுதி வைத்த கட்டுரைகளைப் பழைய இதழ்களிலிருந்து திரட்டித் தனித் தொகுப்பாகவும் 1968-இல் வெளியிட்டார். ரயிலும் மாட்டுவண்டியும் மாறி மாறி வரும் அந்தக் கட்டுரைகள், 1856-இல் இராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட காலத்துக்குப் பின் தமிழர் தங்கள் நாட்டையே புதிதாகக் கண்டதைச் சொல்கின்றன. அந்தத் தொகுப்பும் காந்தி படமும் ஒரே முறையில் செய்யப்பட்டவை. ஒன்றில் மூலப்பொருள் அச்சுத்தாள், மற்றொன்றில் படச்சுருள்.

சிதறிக் கிடப்பதைத் தேடிச் சேர்க்கும் செட்டியாரின் இந்த முறைக்கு இன்றும் பெரிய தேவை இருக்கிறது; வடசென்னை அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தக் கரையில் நூற்றாண்டுக் கால உழைப்பின் வரலாறு உண்டு. 1918-இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களிடையே பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவின் முறையான தொழிற்சங்கங்களில் முதன்மையானது. அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டுவிட்டது. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் நிறுத்தப்பட்டது. அதே 2017-இல், சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடகர் டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’, ரதீந்திரன் பிரசாத்தின் இயக்கத்தில் காட்சியாகி, அந்த நீர்நிலையைப் பலர் கண்முன் கொண்டுவந்தது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரமான அந்தக் கழிமுகம் இப்படிப் பார்க்கப்பட்டதற்கு முன்னும் இந்தக் கரையில் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. கம்பெனிகளின் விளம்பரப் படம், அரசுச் செய்திப்படம், சங்கக் கூட்ட வீடியோ, வீட்டுக் கல்யாணக் கேசட் ஆகியவற்றில் துறைமுக வாசலும் மீன் ஏலமும் ஆலைச் சங்கொலி நேரத்துத் தெருவும் அகப்பட்டிருக்கும். புதிதாக எடுக்கக் கேமராவோடு வருகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். எடுத்து வைத்ததைத் தேடிச் சேர்க்க வருகிறவர்கள்தான் போதாது. கேசட்டின் காந்தப் பூச்சு உதிர்ந்த பிறகு தேடி வந்தால் எதுவும் மிஞ்சாது.

சேர்த்தது காப்பாற்றப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செட்டியாரின் படமே சான்று. இந்தியாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் 1964-இல்தான் நிறுவப்பட்டது. அக்காப்பகத்துக்காகப் பி.கே. நாயர் ஊர் ஊராகப் போய்ச் சுருள்களைத் திரட்டத் தொடங்கியபோது, தென்னாட்டின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இல்லை. வெள்ளிக்காகச் சுருளை உருக்கியவர்களும், தீயில் இழந்தவர்களும், இடமில்லை என்று தூக்கி எறிந்தவர்களும் தமிழ்த் திரைப்படத்தின் முதல் கால் நூற்றாண்டைப் பெருமளவு அழித்துவிட்டார்கள். காந்தி படத்தின் தமிழ் வடிவமும் இந்த இழப்பில் சேர்ந்தது.

அப்படத்தின் கதையை மீண்டும் பேசவைத்தவர் வரலாற்றறிஞர் ஆ.இரா. வேங்கடாசலபதி. படம் உருவான விதம் பற்றிச் செட்டியார் ‘குமரி மலரில்’ எழுதியவற்றை அவர் திரட்டிப் பதிப்பித்தார். ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற அந்த நூல் 2003-இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2006-இல் வெளியாயிற்று. 1953-இன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பதும் அவருடைய தேடலால் தெரியவந்தது.

கிடைத்திருக்கும் ஆங்கில வடிவத்தைப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அது செட்டியார் 1940-இல் தொகுத்த படத்தின் சுருக்கம்; காந்தியின் மறைவுக்குப் பிறகு, வேற்று நாட்டுப் பார்வையாளருக்காக, வேறு கைகள் மறுபடி அமைத்தது. காட்சிகளில் பல அவர் தேடிக் கொண்டுவந்தவை. வரிசையும் குரலும் அவருடையவை அல்ல. உயிரோடிருந்த காந்தியைப் பற்றி, சுதந்திரம் வருமா என்று தெரியாத ஒரு காலத்தில், தமிழ் மக்களுக்குத் தமிழில் சொன்ன படத்தின் தன்மையை அதிலிருந்து ஊகிக்க மட்டுமே முடியும். ஊகத்துக்கு உறுதியான துணை ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. எந்த நகரில் எந்தச் சுருளைத் தேடினார், யார் உதவினார், எங்கே ஏமாற்றம் நேர்ந்தது என்று செட்டியார் தம் வழக்கமான அடக்கத்தோடு அதில் சொல்லியிருக்கிறார். காணாமற்போன தமிழ்ப் பிரதியைத் தேடப் புறப்படுகிறவருக்கு முதல் வழிகாட்டியும் அந்த நூலே. தமிழ், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழிகளில் பிரதிகள் எடுக்கப்பட்டிருக்கின்றன. பழைய விநியோகஸ்தர்களின் கிடங்குகளிலும், நகரத்தார் வீடுகளின் அறைகளிலும், பர்மா, மலேயா, இலங்கை, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் தமிழ்ச் சங்கங்களின் அலமாரிகளிலும் தேடிப் பார்க்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.